அப்பாவின் சொரியாசிஸுக்கு சித்தா பார்க்கலாமா?

கரூர் மகள்:
அப்பாவுக்கு வயது 61. பன்னிரண்டு வருடமாக சொரியாசிஸ். முழங்கை, முழங்கால், தலை எல்லாம் செதில் செதிலாக உதிரும். தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை வாரம் ஒரு நாள் போடுகிறார்; ஓரளவு அடங்கியிருந்தது. இப்போது யாரோ "ஈரல் போய்விடும்" என்று சொல்லிவிட்டார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒரு வைத்தியரிடம் போகப்போகிறேன் என்று ஒரே பிடிவாதம். அவர் பொட்டலத்தில் பொடி தருவாராம், ஒரே வாரத்தில் உதிர்வது நின்றுவிடுமாம். நாங்கள் அம்மாச்சியின் கைவைத்தியத்தில் வளர்ந்தவர்கள், சித்தா மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இது பயமாக இருக்கிறது. யாராவது பார்த்த அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

தாமிரபரணிக்காரன்:
தங்கச்சி, அந்த ஒரு வாரக் கதை எனக்கு நடந்தது. 2014இல் எனக்கும் இதே பொட்டலப் பொடிதான். சொன்னபடியே எட்டாம் நாள் தோல் பளிச்சென்று ஆனது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நாலு மாதத்தில் முகம் உப்பியது, இல்லாத சர்க்கரை வந்தது. பயந்து பொடியை நிறுத்தினேன். பத்தே நாளில் தலை முதல் கால் வரை சிவந்து எரிந்து, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதாயிற்று. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்றார்கள். இவ்வளவு வேகமாகக் கேட்கிற பொடியைக் கண்டால் இப்போதும் எனக்கு நடுக்கம்தான்.

அதற்காக நான் சித்தாவை விடவில்லை. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போனேன், 1964இல் தொடங்கியது. அங்கே இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். நாடி பார்த்தார்கள், ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். முதலில் பேதிக்குக் கொடுத்தார்கள், அப்புறம் உள்ளுக்குப் பறங்கிப்பட்டைச் சூரணம், மேலே பூச வெட்பாலைத் தைலம்.

அந்தத் தைலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைப்பார்கள். அடுப்பே கிடையாது. சில நாளில் எண்ணெய் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிவிடும். ஒரு காலத்தில் அந்த இலையிலிருந்து நீலச் சாயம் எடுத்திருக்கிறார்கள். அதனால் பழைய வேட்டி கட்டிக்கொண்டு பூசச் சொல்லுங்கள், கறை போகாது. பூசிவிட்டு இளவெயிலில் கொஞ்ச நேரம் உட்காருவேன்.

பத்தியம்தான் கஷ்டம். கருவாடு, மீன், இறால், கத்திரிக்காய் எல்லாம் தள்ளி வைத்தேன். செதில் குறையவே மூன்று மாதம் ஆனது. அரிப்பு முதலில் அடங்கியது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மார்கழிப் பனியில் முழங்கையில் எட்டிப் பார்க்கும், ராத்தூக்கம் கெட்டாலும் வரும்.

வேப்பமரத்தடி:
நான் சித்த மருத்துவம் படித்து அரசுப் பணியில் இருக்கிறேன். மெத்தோட்ரெக்ஸேட்டை அப்பா தானாக நிறுத்தக் கூடாது, தோல் டாக்டரிடம் பேசித்தான் எதுவும். ஈரல் பற்றிய கவலை நியாயமானது. அதற்குத்தான் அவ்வப்போது ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். அந்த மாத்திரையோடு என்ன இருக்கிறதென்றே தெரியாத பொடியும் சேர்ந்தால்தான் ஈரலுக்கு ஆபத்து அதிகம். சித்தாவில் உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரமும் உண்டு. முறையாகச் செய்யாவிட்டால் விஷம்.

விற்பனைக்கு வரும் சித்த மருந்துக்கு உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். பொட்டலத்தில் இது எதுவும் இருக்காது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு உண்டு, மருந்து இலவசம். இப்போது போடும் மாத்திரைச் சீட்டையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

கரூர் மகள்:
அண்ணா, டாக்டர், இரண்டு பேருக்கும் நன்றி. முகம் உப்பிய கதையை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "சரி, பொடி வேண்டாம். அந்த வயலட் எண்ணெயைப் பூசிக்கொண்டே மாத்திரையும் போடலாமா என்று கேள்" என்றார். திங்கட்கிழமை முதலில் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் சித்தா பிரிவுக்கும் போகிறோம்.