மறு: 'வாழ்க்கைத் தரம்' என்றால் வீடு வாசலா?

செவிலியர் பயிற்றுநர், தருமபுரி:
குழுவினருக்கு வணக்கம். மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு (சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வருவது) உள்ளவர்களின் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' அளப்பது பற்றி மாணவிகளுக்குக் கையேடு எழுதுகிறோம். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வாழ்க்கைத் தரம்' என்றுதான் போட்டிருந்தோம். பென்னாகரம் பக்கம் ஒரு மாணவி அப்படிக் கேட்டதற்கு, அந்த அம்மா ஓட்டு வீடு, ரேஷன் கார்டு, இரண்டு மாடு என்று கணக்குச் சொல்லிவிட்டாராம். உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்விப் படிவம் உடல், மனம், உறவு, சுற்றுச்சூழல் என்று நான்கையும் தொடுகிறது. பணமும் வீடும் அதில் ஒரு மூலை. வேறு சொல் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரூர்:
வாழ்பாடு. படு, பாடு: முதனிலை திரிந்த தொழிற்பெயர். ஒருவர் படுவது, அதாவது அவருக்கு நேர்வதும் அவர் உணர்வதும். தொல்காப்பியத்தின் மெய்ப்பாடும் இதே வார்ப்புதான். 'பண்பெனப்படுவது பாடறிந்து ஒழுகல்' என்கிறது கலித்தொகை. பிறர் பாட்டை அறிவதுதானே உங்கள் மாணவிகளின் வேலை? இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் தகடூர் அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி சாதல் நீங்குவதற்கு. ஆயுளின் நீளம் வேறு, அதை வாழ்கிற விதம் வேறு.

மனநல மருத்துவர், ஓசூர்:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் 'படாத பாடு', 'பெரும்பாடு' என்றே பழகிய காதுக்கு 'பாடு' துன்பம்தான். சோர்வில் இருப்பவரிடம் அந்தச் சொல்லே பதிலைக் கீழே இழுத்துவிடும்.

மென்பொருள் தமிழாக்கர், கிருஷ்ணகிரி:
'வாழ்நிறைவு' போதாதா? எளிது, கேட்டதும் புரியும்.

மனநல மருத்துவர், ஓசூர்:
போதாது. மிகையெழுச்சியில், அதாவது இருமுனைக் கோளாறின் அந்த உற்சாகக் கட்டத்தில், இருப்பவர் தூக்கமின்றி, கடன் மேல் கடன் வாங்கிக்கொண்டு, எல்லாக் கேள்விக்கும் 'மிக நிறைவு' என்று குறிப்பார். இதற்கு நேர்மாறாக, மனச்சோர்வின் கடுமையை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலில் மதிப்பெண் நன்றாக இறங்கியவர் பாலக்கோடு தக்காளி மண்டிக்குத் திரும்பாமல் வீட்டிலேயே இருப்பார். நோய்க்குறி தணிவதும் வாழ்க்கை திரும்புவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. இருமுனைக் கோளாறுக்கென்றே 2010-இல் வெளியான 56 கேள்விப் படிவம் தூக்கம், சிந்தனைத் தெளிவு, தற்சார்பு, 'நான் யார்' என்ற உணர்வு வரை கேட்பது அதனால்தான். மகிழ்ச்சி, நிறைவு என்று குறுக்கினால் இவ்வளவும் போய்விடும்.

மென்பொருள் தமிழாக்கர், கிருஷ்ணகிரி:
சரி, 'நிறைவை' விட்டுவிடுகிறேன். ஆனால் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான் பேச்சு. அங்கே போய் 'வாழ்பாடு' என்றால்? கலைச்சொல்லைத் தலைப்போடு நிறுத்திவிட்டு, கேள்விகளைப் பேச்சு வழக்கில் எழுதலாமே.

செவிலியர் பயிற்றுநர், தருமபுரி:
முடியாதுங்க. 26-இல் முதல் கேள்வியே அந்தச் சொல்லை வைத்துத்தான் கேட்கிறது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரூர்:
புரியாது என்று தள்ளுவதானால் 'செவிலியர்' எப்படி வந்தது? அகப்பாட்டில் தலைவியை வளர்த்த செவிலித்தாயை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தோம். இன்று யாராவது பொருள் கேட்கிறார்களா? புழங்கினால் புரியும்.

மனநல மருத்துவர், ஓசூர்:
புழங்கும்வரை காத்திருக்கலாம் ஐயா, நோயாளியின் மதிப்பெண் காத்திருக்காது. தமிழிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குப் பெயர்த்துச் சரிபார்க்கும்போது 'வாழ்பாடு' 'துன்பம்' என்றே திரும்பி வந்தால், நாம் வேறு எதையோ அளந்திருப்போம்.

செவிலியர் பயிற்றுநர், தருமபுரி:
'வாழ்நலம்' என்று இரண்டு பேர் தனியே எழுதியிருந்தார்கள். அரசு நலத்திட்டம் என்றே எடுத்துக்கொள்வார்கள். வேறு எந்தச் சொல்லிலும் ஒத்த கருத்து வராததால் 'வாழ்க்கைத் தரம்' என்றே இருக்கட்டும். அதன் கீழே ஒரு வரி: 'வீடு, வருமானம் மட்டுமல்ல, இப்போது நீங்கள் வாழும் வாழ்க்கை உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம்.' மாணவிகள் இதை வாய்விட்டுப் படித்த பிறகே முதல் கேள்விக்குப் போக வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அரூர்:
அச்சிடுங்கள் அம்மா. என் வாக்கு வாழ்பாட்டுக்கே. சொல்லடைவில் மாற்றுச் சொல்லாகவாவது சேருங்கள்.

மனநல மருத்துவர், ஓசூர்:
சொல்லடைவில் சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அட்டையில் உள்ள 'மனநிலைக் கோளாறு' என்பதை ஊரில் 'மனநிலை சரியில்லாதவர்' என்றுதான் கேட்பார்கள். அதற்கும் திங்கட்கிழமைக்குள் ஒரு வழி சொல்லுங்கள்.