நெல் ஆலையின் பழைய ஹார்ட்டிஸ்க்கில் "செனிக்ஸ் ரூட்": கணக்கை எப்படி எடுப்பது?

கேள்வி (மட்டக்களப்பு):
அப்பாவின் நெல் ஆலையில் தொண்ணூறுகளில் கணக்கு எழுதிய 386 (இன்டெல் சிப்) கணினி கிடக்கிறது. ஒரே பெட்டியில் பல டெர்மினல் (திரையும் விசைப்பலகையும்) இணைத்து வேலை செய்தார்களாம். எந்தப் போடியார் (வயல் சொந்தக்காரர்) எத்தனை அவணம் (நெல் அளவு) கொண்டுவந்தார், வெள்ளாமைக்கு யார் முற்பணம் வாங்கினார், எல்லாம் அதில்தான். டிஸ்க்கைக் கழற்றி உபுண்டு லினக்ஸ் கணினியில் மாட்டினேன். டிஸ்க்கின் பிரிவுகளைக் காட்டும் எஃப்டிஸ்க் கட்டளை "செனிக்ஸ் ரூட்" என்று காட்டுகிறது, மவுன்ட் ஆகவில்லை (ஃபைல்களைத் திறக்க முடியவில்லை). விண்டோஸ் ஃபோர்மட் பண்ணவா என்று கேட்கிறது. இது என்ன சிஸ்டம்?

பதில் (கல்முனை):
தம்பி, ஃபோர்மட் மட்டும் பண்ணிவிடாதீங்க! முதலில் டிடி கட்டளையால் முழு டிஸ்க்கையும் இமேஜாக (அப்படியே ஒரே ஃபைலாக) எடுங்கள். இனி வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

செனிக்ஸ் என்பது மைக்ரோசொப்ட்டின் யூனிக்ஸ், அதாவது பலர் ஒன்றாக வேலை செய்யக்கூடிய இயங்குதளம். யூனிக்ஸை உருவாக்கிய ஏடி அண்ட் டியிடம் உரிமம் வாங்கி 1980 இல் அறிவித்தார்கள். 1983 இல் பீசிக்குக் கொண்டுவந்தது சான்டா குரூஸ் ஒப்பரேஷன் என்ற எஸ்சிஓ. 1987 இல் 386க்கான பதிப்பும் வந்தது. அந்தக் காலத்துப் பீசிகளில் இருந்த டாஸ் இயங்குதளத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். இதில் ஒரு பீசியை நாலைந்து பேர் பகிரலாம். சிறு வியாபாரத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி! பின்னர் எஸ்சிஓ யூனிக்ஸ், ஓப்பன்சேர்வர் என்று போய், செனிக்ஸ் நின்றுவிட்டது.

சரி, மவுன்ட் ஏன் ஆகவில்லை? அந்தப் பார்ட்டிஷனுக்குள் (டிஸ்க் பிரிவுக்குள்) டிவ்வி என்ற கருவி இன்னும் சிறு பிரிவுகள் போட்டிருக்கும். லினக்ஸுக்கு அவை தெரியாது. டிஸ்க்கின் பைட்களை நேராகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் 44 55 2பி 00 என்ற பைட் வரிசையைத் தேடுங்கள். கிடைத்த இடத்திலிருந்து 2040 பைட் கழித்தால் பைல்சிஸ்டத்தின் தொடக்கம். அதை லூப் ஒஃப்செட்டாக (இமேஜில் எந்த இடத்திலிருந்து படிக்க வேண்டும் என்பதாக) கொடுத்து, வகை செனிக்ஸ், படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்யுங்கள். புதிய லினக்ஸ் கேர்னலில் (அதன் மையப்பகுதியில்) இந்த ஆதரவை எடுத்துவிட்டார்கள், நிறுவாமலே ஓடும் பழைய லினக்ஸ் லைவ் டிஸ்க் ஒன்று வேண்டும்.

கேட்டவர்:
அண்ணன், மவுன்ட் ஆயிட்டு! இரண்டு இடத்தில் வரிசை கிடைத்தது, இரண்டாவதில்தான் கணக்கு. ஃபைல்களின் பெயர் எல்லாம் டிபிஎஃப் என்று முடிகிறது.

பதில் (அக்கரைப்பற்று):
அது ஃபொக்ஸ்பேஸ் பிளஸ் என்ற தரவுத்தள மென்பொருளாக இருக்கும், செனிக்ஸுக்கும் அதன் பதிப்பு வந்தது. லிப்ரே ஒபிஸ் கல்க்கில் நேராகத் திறக்கலாம். ஐடிஎக்ஸ் என்று முடியும் ஃபைல்கள் இருந்தால், அவை வெறும் இன்டெக்ஸ் (தேடல் அட்டவணை), விடுங்கள்.

கேட்டவர்:
திறந்தது. பெயர்கள் ஆங்கில எழுத்தில், அவணக் கணக்கு போகம் போகமாக இருக்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.

பதில் (கல்முனை):
மகிழ்ச்சி தம்பி. அந்த இமேஜை இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள். 386 பெட்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்க வேண்டாம்.