எழுத்து இருக்கும் பெட்டிக்கு ‘ஹெச்-64’ போடலாமா?

ஓரக்கோடு:
ஒரு பழைய புராஜெக்ட் கைக்கு வந்திருக்கிறது. டெயில்விண்டில் எழுதியது; அளவு, நிறம் எல்லாவற்றையும் சின்னச் சின்ன கிளாஸ் பெயர்களாக ஹெச்டிஎம்எல் மார்க்கப்பிலேயே எழுத வைக்கும் சிஎஸ்எஸ் கருவி அது. எந்த கார்டைத் திறந்தாலும் ‘ஹெச்-64 ஓவர்ஃபுளோ-ஹிடன்’, அதாவது உயரம் 64 படிதான், அதை மிஞ்சுவது மறைந்துவிடும். எழுதியவர் இரண்டு வரி டம்மி எழுத்தை வைத்துப் பார்த்திருப்பார், அழகாக இருந்திருக்கும். இப்போது நிஜ விவரம் நீளமாக வருகிறது. கடைசி வரி குறுக்கே அறுபட்டு, எழுத்துகளின் தலை மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே இருக்க வேண்டிய ‘மேலும் படிக்க’ லிங்க் காணவே காணோம். ‘ஹெச்-’ என்று தொடங்கும் கிளாஸ்களுக்கே டீமில் தடை போடலாம் என்று இருக்கிறேன். உயரத்தை உள்ளே இருப்பது தீர்மானிக்கட்டும். குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்றால் ‘மின்-ஹெச்’ இருக்கிறது.

நாலுவரி:
கிளாஸ் மேல் ஏன் பழி? தனி சிஎஸ்எஸ் ஃபைலில் 256 பிக்சல் என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். இங்கே குற்றவாளி மார்க்கப்பிலேயே நிற்கிறான், ஃபைல் ஃபைலாகத் துழாவ வேண்டியதில்லை. அப்புறம், அது பிக்சலும் இல்லை, ரெம்; அதாவது பக்கத்தின் அடிப்படை எழுத்தளவை வைத்து அளப்பது. ஒரு படி 0.25 ரெம், 64 படிக்கு 16 ரெம். பிரவுசரின் இயல்பான எழுத்தளவு 16 பிக்சல் என்பதால் 256 வருகிறது. பார்வை மங்கியவர் செட்டிங்ஸில் அதை 24 ஆக்கினால் பெட்டியும் 384 ஆகும். எழுத்தோடு சேர்ந்து வளர்கிற பெட்டியை எதற்கு விரட்டுகிறீர்கள்?

ஓரக்கோடு:
அந்தக் கணக்கை முழுசாகப் போடுங்கள், நண்பரே. எழுத்து ஒன்றரை மடங்கானால் வரியின் உயரமும் ஒன்றரை மடங்கு. மொபைல் திரையின் அகலம் மட்டும் அப்படியே இருக்கும். 30 எழுத்து கொண்ட வரியில் இனி 20தான் கொள்ளும், 6 வரி 9 வரியாகும். ஆக, தேவைப்படும் உயரம் 2.25 மடங்கு. 256 பிக்சலை நிறைத்திருந்த எழுத்துக்கு 576 வேண்டும், உங்கள் பெட்டி தருவது 384. மிச்சம் கத்தரிக்கு.
வாசகர் வரி இடைவெளியை எழுத்தளவின் 1.5 மடங்காக வைத்துக்கொண்டாலும் எதுவும் மறையக் கூடாது என்று இணையப் பக்கம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி 2.1 வழிகாட்டியில் 1.4.12 விதி சொல்கிறது. அந்த நேரத்தில் உங்கள் ரெம் ஓர் அங்குலம்கூட அசையாது.

புதுப்பெட்டி:
நடுவில் நுழைகிறேன், கோபிக்க வேண்டாம். எனக்கு நேர் எதிரான தொல்லை. வெளிப் பெட்டிக்கு ‘மின்-ஹெச்-ஸ்கிரீன்’, உள்ளே இருப்பதற்கு ‘ஹெச்-ஃபுல்’ கொடுத்தேன். உள்ளே இருப்பது வளரவே மாட்டேன் என்கிறது. பின்னணி நிறம் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறது.

நாலுவரி:
‘ஹெச்-ஃபுல்’ என்றால் 100 சதவீதம். எதில் 100 என்று பிரவுசர் அப்பாவை, அதாவது வெளிப் பெட்டியைக் கேட்கும். அப்பா ‘குறைந்தது ஒரு திரை’ என்கிறாரே தவிர, தன் உயரம் இவ்வளவு என்று சொல்லவில்லை; அது இன்னும் ஆட்டோதான், உள்ளே இருப்பதைப் பொறுத்தது. அதனால் பிள்ளையும் ஆட்டோ. மேலிருந்து கீழாக அடுக்க வெளியே ‘ஃபிளெக்ஸ் ஃபிளெக்ஸ்-கால்’, மிச்ச இடத்தை நிரப்ப உள்ளே ‘ஃபிளெக்ஸ்-1’ போடுங்கள். இல்லையென்றால் வெளியே ‘கிரிட்’ மட்டும் போட்டுப் பாருங்கள், தானாக நீளும்.

புதுப்பெட்டி:
‘ஹெச்-ஃபுல்’லை எடுத்துவிட்டு ‘ஃபிளெக்ஸ்-1’ போட்டேன், கீழ்வரை நிறம் வந்துவிட்டது. நன்றி, அண்ணா!

ஓரக்கோடு:
பார்த்தீர்களா, அங்கேயும் ‘ஹெச்-’ஐ எடுத்ததும்தான் சரியானது. ‘ஹெச்-ஸ்கிரீன்’ இதைவிட மோசம். அது 100 விஹெச், அதாவது திரை உயரத்தில் 100 சதவீதம். மொபைல் பிரவுசர்கள் அட்ரஸ் பார் ஒளிந்திருக்கும்போது உள்ள உயரத்தை வைத்து அதைக் கணக்கிடும். பக்கம் திறக்கும்போதோ பார் தெரிகிறது. கீழே ஒட்டி வைத்த ‘சமர்ப்பி’ பட்டன் திரைக்கு வெளியே போய்விடும்.

நாலுவரி:
அந்தச் சண்டை முடிந்து நாளாகிறது. 2022 முடிவதற்குள் பெரிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் டிவிஹெச் (பார் தெரிவதற்கும் ஒளிவதற்கும் ஏற்ப மாறும் உயரம்), எஸ்விஹெச் (பார் தெரியும்போதுள்ள சிறிய உயரம்) வந்துவிட்டன. 2023 டிசம்பரில் வந்த டெயில்விண்ட் 3.4-இல் ‘ஹெச்-டிவிஹெச்’சும் சேர்ந்தது. என் விருப்பம் ‘ஹெச்-எஸ்விஹெச்’. டிவிஹெச் போட்டால் பார் ஒளியும்போது பக்கம் ஒரு குலுக்குக் குலுக்கும்.
உங்கள் பழைய கார்டுகளுக்கு வருகிறேன். ‘மின்-ஹெச்-64’ என்று எழுதும் வசதியே அதே 3.4-இல்தான் வந்தது. அதற்கு முன் சதுர அடைப்புக்குள் 16 ரெம் என்று கைப்பட எழுத வேண்டும், அல்லது டெயில்விண்டின் செட்டிங்ஸ் ஃபைலான கான்ஃபிகில் சேர்க்க வேண்டும். அவசரத்தில் இருந்தவர் ‘ஹெச்-64’ஐ எடுத்துப் போட்டிருப்பார். பாவம், அவரை விட்டுவிடுங்கள்.

ஓரக்கோடு:
இது எனக்குத் தெரியாது. அவரைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன், தடையை இல்லை.

நாலுவரி:
தடை போட்டால் 40 பிக்சல் அவதாருக்கு ‘ஹெச்-10’க்குப் பதில் என்ன எழுதுவீர்கள்? ஐகானுக்கு? படம் வந்து இறங்கும்வரை அதற்கான இடத்தைப் பிடித்து வைக்காவிட்டால் கீழே உள்ளதெல்லாம் எகிறிக் குதிக்கும். இன்புட்டும் செலக்டும் பட்டனும் ஒரே வரிசையில் நிற்கும்போது ஆளுக்கொரு உயரம் காட்டும்; மூன்றுக்கும் ‘ஹெச்-10’ போட்டால் ஒரு கோட்டில் வந்து நிற்கும். இதெல்லாம் தப்பா?

ஓரக்கோடு:
சரி, அவதார், ஐகான், படம் மூன்றையும் விட்டுத்தருகிறேன். அவற்றுக்குள் வரி மடங்குவதில்லை. தடையை ‘எழுத்து இருக்கும் பெட்டிக்கு மட்டும்’ என்று மாற்றி எழுதுகிறேன்.

நாலுவரி:
அப்படியென்றால் பட்டனுக்கு ‘ஹெச்-10’ உண்டுதானே?

ஓரக்கோடு:
பட்டனுக்குள்ளும் எழுத்துதானே இருக்கிறது? ‘அனுப்பு’ என்று இருக்கும்வரை பிரச்சினை இல்லை. நாளைக்கு யாராவது அதை ‘சேமித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குச் செல்’ என்று மாற்றுவார், மொபைலில் இரண்டு வரியாகும். ‘மின்-ஹெச்-10’ போடுங்கள். ஒரு வரி இருக்கும்போது அதே கோட்டில்தான் நிற்கும்.

நாலுவரி:
அப்போது பட்டன் மட்டும் வளர்ந்து, பக்கத்தில் இன்புட் குட்டையாக நிற்குமே?

ஓரக்கோடு:
நிற்கட்டும். படிக்க முடிகிறதல்லவா?