லூப் பெடலுக்கு எந்த மிக்சர்? 25,000 ரூபாய்க்குள் சொல்லுங்கள்

மார்த்தாண்டம் கிட்டார்:
பாஸ் ஆர்சி-5 லூப் பெடல் கையில் இருக்கிறது, வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் கால் பெடல். அதில் மைக் செருக வழியில்லை. பாட்டு, கிட்டார், கஞ்சிரா மூன்றையும் மேடையிலேயே அடுக்கி வாசிக்க வேண்டும். கேரல் நிகழ்ச்சி, கோயில் கொடை போன்ற சின்ன மேடைகள்தான். எது நம்பி வாங்கலாம்?

தக்கலை சவுண்ட்:
யோசிக்காமல் யமஹா எம்ஜி10எக்ஸ்யூ எடு தம்பி. நான்கு மைக் போடலாம், குரலுக்கு எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் உள்ளேயே இருக்கிறது. ஆக்ஸ், அதாவது சத்தத்தைத் தனியே வெளியே அனுப்பும் வழி, அதிலிருந்து பெடலுக்கு ஒரு வயர், பெடலிலிருந்து ஸ்டீரியோ சேனலுக்கு ஒரு வயர். வேலை முடிந்தது.

வடசேரி பாட்டுக்காரி:
அண்ணா, நல்ல மிக்சர்தான், ஆனால் இந்த வேலைக்கு இல்லை. அதில் ஆக்ஸ் ஒன்றுதான். அதைப் பெடலுக்குக் கொடுத்துவிட்டால், வாசிப்பவர் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு எது? அப்புறம், ஆக்ஸ் வழியில் குரல் நேராகவும் மெயினுக்கு (கூட்டத்துக்குக் கேட்கும் ஸ்பீக்கருக்கு) போகும், பெடல் வழியாகவும் திரும்பி வரும். இரண்டும் சேர்ந்து சத்தம் கூடும். நூலிழை தாமதம் இருந்தாலே குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

இதற்குக் குரூப் பஸ் வேண்டும், அதாவது சில சேனல்களை மட்டும் சேர்த்துத் தனியே அனுப்பும் வழி. யமஹா எம்ஜி12-ல் ஒவ்வொரு சேனலிலும் குரூப்புக்கு 1-2, மெயினுக்கு எஸ்டி என்று தனித்தனிப் பட்டன் உண்டு. மைக், கிட்டார் சேனல்களில் 1-2 மட்டும். குரூப் அவுட்டிலிருந்து பெடலுக்கு. பெடலிலிருந்து வரும் சேனலில் எஸ்டி மட்டும். குரூப்பையும் மெயினில் சேர்க்கக் கூடாது. அப்போதுதான் லூப் தன்னையே திரும்ப விழுங்காது. மேக்கி 1202விஎல்இசட்4-ல் ஆல்ட் 3-4 பட்டனும் இதே வேலையைச் செய்யும்.

தக்கலை சவுண்ட்:
அப்படிச் செய்தால் மொத்தக் கச்சேரியும் ஒரு பெடலை நம்பி நிற்கும். அதன் அடாப்டர் கழன்றால் குரலும் போச்சு. என் வழியில் லூப் மட்டும்தான் நிற்கும், பாட்டு நிற்காது. கொடை மேடையில் வயரை மிதிக்காதவர் யார்?

வடசேரி பாட்டுக்காரி:
ஆர்சி-5 ஒன்பது வோல்ட் பேட்டரியிலும் ஓடும், ஒன்றைப் போட்டே வைக்கலாம். அதையும் மீறிப் போனால் குரல் சேனலில் எஸ்டியை அழுத்தினால் போதும், பாட்டு நேராக மெயினுக்கு வந்துவிடும்.

குளச்சல் கடலோரம்:
இரண்டு பேரும் குமிழை வைத்தே பேசுகிறீர்கள். எங்கள் பக்கம் உப்புக்காற்றில் ஃபேடரும் (சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுகட்டை) குமிழும் சீக்கிரமே கரகரக்க ஆரம்பித்துவிடும். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 டேப்லெட்டில் ஓடுவது, தேய ஃபேடரே கிடையாது. ஆறு ஆக்ஸ் பஸ். ஒருமுறை அமைத்துச் சேமித்தால் அடுத்த மேடையிலும் சத்தம் போகும் வழிகள், அதே ரவுட்டிங், அப்படியே வரும்.

வடசேரி பாட்டுக்காரி:
25,000-க்குள் எப்படி வரும்? உள்ளே இருக்கும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். திருவிழாக் கூட்டத்தில் அத்தனை போன்களுக்கும் நடுவே அதை நம்ப முடியாது. தனி ரூட்டரும் வாங்க வேண்டும். கை கிட்டாரில், கால் பெடலில் இருக்கும்போது டேப்லெட் பூட்டை யார் திறப்பது?

குளச்சல் கடலோரம்:
லூப் ஓடத் தொடங்கினால் மிக்சரை யார் தொடப்போகிறார்கள்? ரூட்டர் வாங்கினால் ஈதர்நெட் வயரில் சேர்த்துவிடலாம். இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து ஒரே தடவையாக வாங்குவதுதான் நல்லது என்பேன்.

தக்கலை சவுண்ட்:
கேரல் மாதம் வரைக்கும் அவன் காசு சேர்த்துக்கொண்டே இருக்கணுமா? சரி, குரூப் விஷயத்தில் தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இன்னொன்றை யாரும் சொல்லவில்லை. மானிட்டர் ஸ்பீக்கரில் லூப் சத்தமாக ஓடினால் அதை மைக் பிடிக்கும், அடுத்த அடுக்கில் அதுவும் பதியும். நாலாவது அடுக்கில் எல்லாம் குழம்பிவிடும். எந்த மிக்சரானாலும் ஹெட்போன் போட்டு வாசி தம்பி.

மார்த்தாண்டம் கிட்டார்:
எக்ஸ்யூ இல்லாத பழைய எம்ஜி12 ஒன்று பட்ஜெட்டுக்குள் கிடைக்கும் போலிருக்கிறது. ரிவெர்ப் இருக்காது, பரவாயில்லை. பார்க்கப் போகும்போது எதைச் சோதிக்க வேண்டும் அக்கா?

வடசேரி பாட்டுக்காரி:
பெடலைக் கையோடு கொண்டுபோ. குரூப் ஃபேடரைக் கீழிருந்து மெல்ல ஏற்று. மிக்சரிலிருந்து வரும் லைன் லெவல் சத்தம் பெடலுக்கு அதிகம், ஒலி சீக்கிரம் உடைந்து கேட்கும். எல்லாக் குமிழையும் திருப்பிப் பார், கரகரப்பு வந்தால் விலையைக் குறைக்கச் சொல். குரூப் அவுட் இரண்டில் ஒன்றில் சத்தம் வரவில்லையென்றாலும் வாங்காதே.