ஸ்கிரபிள்: பெரிய சொல் தெரிஞ்சும் ஏன் தோற்கிறேன்?

ஹட்டன்_மழை:
போயா (பௌர்ணமி) லீவுல வீட்டில நாலு பேர் ஸ்கிரபிள் ஆடுறோம், எழுத்துக் கட்டைகளைப் பலகையில அடுக்கி ஆங்கிலச் சொல் கட்டுற ஆட்டம். நான் நீளமான சொல்லாத் தேடுறேன். அக்கா ரெண்டு எழுத்து, மூணு எழுத்துல போட்டே 60, 70 புள்ளி முந்திடுறாங்க. "கியூ–ஐ"ன்னு ஒரு சொல்லும் போட்டாங்க, அது செல்லுமா? போட்டிக்கெல்லாம் போகிற எண்ணமில்ல. வாரத்துக்கு ரெண்டு மணித்தியாலம்தான் கிடைக்கும். எதை முதல்ல படிக்கிறது?

பண்டாரவளை_கட்டை:
செல்லும் தம்பி. அக்கா சரியாத்தான் ஆடுறாங்க.

முதல் வேலை ஈரெழுத்துச் சொற்கள். கொலின்ஸ் பட்டியல்ல (எந்தச் சொல் செல்லும்னு பார்க்கிற சொற்பட்டியல்) 120க்கு மேல இருக்கு, பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சதுதான். மிச்சத்துல விலை கூடின எழுத்துகளை முதல்ல எடுங்க. கியூவுக்கு அந்த ஒன்றுதான். எக்ஸுக்கு ஏ, ஈ, ஓ மூணையும் முன்னால வைக்கலாம். ஐ, யூ ரெண்டையும் பின்னால வைக்கலாம். இசட்டுக்கு பின்னால ஏ, ஈ, ஓ. ஜேக்கு பின்னால ஏ, ஓ. வீக்கு ஈரெழுத்துச் சொல்லே கிடையாது. அதனால ஒரு இடத்தை அடைக்கணும்னா வீயை அங்க வைங்க, பக்கத்தில ஒட்டிப் போட ஆளுக்கு வழியிருக்காது.

இதில என்ன லாபம்னா, ஒரே கட்டைக்கு ரெண்டு பக்கமும் கணக்கு. எழுத்தோட விலையை மூணு மடங்காக்கிற கட்டத்தில எக்ஸை (விலை 8) வெச்சு, குறுக்க ஏ–எக்ஸ், நெடுக்க ஈ–எக்ஸ் வருதுன்னா 25ம் 25ம், மொத்தம் 50. ஏழு கட்டையையும் ஒரே தடவையில இறக்கினா கிடைக்கிற போனஸும் அதே 50தான்!

ஒரு எச்சரிக்கை. போன்ல இருக்கிற சில ஆப் அமெரிக்கப் பட்டியல்ல ஓடும். இசட்–ஓ கொலின்ஸ்ல உண்டு, அதுல இல்ல. எந்தப் பட்டியல்னு ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசி முடிச்சிடுங்க, சண்டை பாதி குறையும்.

ஹட்டன்_மழை:
நன்றி அண்ணே. கையில "இங்" (ஐ–என்–ஜி) வந்தா நான் அதை விடாம வெச்சிருப்பேன். அது சரியா?

ஊவா_அகராதி:
தப்பு அங்கதான். மூணு கட்டையைப் பூட்டி வெச்சா மிச்சம் நாலுலதான் சொல் கட்டணும். தடவைக்கு ஒன்று, ரெண்டு கட்டைதான் புதுசா வரும், பத்துப் புள்ளியிலயே இழுபடுவீங்க. ரெண்டு தடவைக்கு மேல காத்திருக்காதீங்க.

போடுற சொல்லைவிட கையில மிஞ்சுறதைப் பாருங்க. மெய் நாலு, உயிர் மூணு என்கிற அளவுல இருந்தா நல்லது. "ரெட்டினா"வோட ஆறு எழுத்து கையில நின்னா, சீ வந்தா "சேர்ட்டன்", பீ வந்தா "பெயின்டர்", இன்னொரு ஆர் வந்தா "ட்ரெய்னர்". மூணும் பள்ளிக்கூடச் சொல்தானே. ரெண்டு யூ சேர்ந்தா ஒன்றை உடனே தள்ளுங்க.

எஸ் நூறு கட்டையில நாலுதான். எட்டுப் புள்ளியாவது கூடக் கிடைச்சாத்தான் அதை இறக்கணும். வெற்றுக் கட்டை (எந்த எழுத்தாவும் வைக்கலாம்) ரெண்டே ரெண்டு. 25 புள்ளிக்குக் குறைஞ்ச லாபத்துக்கு அதைச் செலவழிச்சா நட்டம்.

கட்டை மாத்துறதுக்கு வெட்கப்படாதீங்க. அந்தத் தடவை பூச்சியம்தான். ஆனா அஞ்சு உயிரெழுத்தோட மூணு தடவை எட்டு, எட்டா எடுக்கிறதைவிட அது மேல். பையில ஏழு கட்டையாவது இருந்தாத்தான் மாத்தலாம் என்கிறதை மறந்திடாதீங்க.

தலவாக்கலை_மூடுபனி:
கடைசிக் கட்டத்தை யாரும் சொல்லல. பை காலியாகி ஒருத்தர் கையை முடிச்சதும், உங்க கையில நிற்கிற கட்டையோட விலை உங்க புள்ளியில கழியும், முதல்ல முடிச்சவருக்கு அது சேரும். கியூவோட மாட்டினா உங்களுக்கு பத்துக் குறைவு, அவருக்கு பத்துக் கூட, ஆக வித்தியாசம் 20. பையில பத்துக் கட்டை இருக்கும்போதே கியூவைத் தள்ளப் பாருங்க. யூ மொத்தம் நாலுதான், எத்தனை பலகையில விழுந்திருக்குன்னு எண்ணிக்கிட்டா போதும்.

இன்னொன்று, நம்ம பக்கத்து ஈரத்துல அட்டைப் பலகை வளைஞ்சு கட்டை வழுக்கும். ஆடி முடிச்சதும் மடிக்காம, பாரமான புத்தகத்துக்கு அடியில ராத்திரி முழுக்க வெச்சிடுங்க.