ஆபீஸ் நண்பருக்குச் சுவிசேஷம் சொல்வது எப்படி?

நெல்லை வாசகர்:
ஸ்தோத்திரம். எசேக்கியேல் 3:18-ஐக் காட்டி, "சொல்லாவிட்டால் இரத்தப்பழி உன் மேல்" என்று வாலிபர் கூட்டத்தில் சொல்கிறார்கள். பக்கத்து சீட்டு நண்பர் இந்து. கைப்பிரதி கொடுப்பதா, வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவதா?

உப்புச்சாரம்:
பிரதர், அது இஸ்ரவேல் வீட்டாருக்குக் காவலாளனாக வைக்கப்பட்ட தீர்க்கதரிசிக்குச் சொன்ன வார்த்தை. அதை வைத்து வாலிபப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது சரியில்லை. நமக்கான கட்டளை மத்தேயு 28:19, 20: எல்லா ஜாதிகளையும் சீஷராக்கி, உபதேசம் பண்ணுங்கள் என்பது. அதில் உபதேசமும் சேர்ந்திருப்பதால் கைப்பிரதியை நீட்டியதோடு கடமை தீராது. தினமும் வசனம் ஃபார்வர்டு செய்தால் மியூட் பண்ணிவிடுவார், அவ்வளவுதான்.

அவருக்கு விருப்பமா என்று கேட்டு, மாற்கு சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசியுங்கள். 16 அதிகாரம், வாரம் ஒன்று என்றால் நான்கு மாதம். இயேசு இங்கே என்ன செய்தார், பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள், உங்களுக்கு எது இடிக்கிறது என்ற மூன்று கேள்வி போதும். 2-ஆம் அதிகாரத்தில் திமிர்வாதக்காரனை (பக்கவாதத்தால் நடக்க முடியாதவனை) கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அவனோ நடக்க வந்தவன். இயேசு முதலில் பாவத்தை மன்னிக்கிறார். "தேவன் ஒருவரே தவிர யார் மன்னிக்கலாம்?" என்று வேதபாரகரே (யூத வேத அறிஞர்கள்) யோசிக்கிறார்கள். நண்பரும் அதையே கேட்பார். உடனே பிரசங்கத்தில் இறங்காமல் அவரை யோசிக்க விடுங்கள். 5-ஆம் அதிகாரத்தில் இயேசு துரத்திய பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் புக, அவை கடலில் பாய்ந்து சாகின்றன. பன்றிகள் ஏன் சாக வேண்டும் என்று கட்டாயம் கேட்பார், தயாராகப் போங்கள்.

பெரேயா:
ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அவர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரா? அப்படியானால் நீங்களாகத் தொடங்காதீர்கள். அப்ரைசல் உங்கள் கையில் இருக்கும்போது அவரால் "வேண்டாம்" என்று சொல்ல முடியாது. அவராகக் கேட்டால் 1 பேதுரு 3:15 இருக்கிறது, சாந்தத்தோடு பதில் சொல்லுங்கள்.

அவர் கும்பிடும் சாமியைக் குறை சொல்லாதீர்கள். எபேசுவில் பவுலின் ஊழியத்தை எதிர்த்துக் கலகம் நடந்தபோது, அவருடைய கூட்டாளிகளைக் காட்டி, "இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை" என்று அந்த ஊர் அதிகாரியே சொன்னார் (அப்போஸ்தலர் 19:37). நம்மைப் பற்றியும் மற்றவர்கள் அப்படிச் சொல்ல வேண்டும்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பரப்ப உரிமை தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977-இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம், வேலை, படிப்பு உதவி எதையும் இதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

நெல்லை வாசகர்:
நன்றி. அவர் அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். ஜெபிக்கிறேன் என்று சொல்லலாமா?

உப்புச்சாரம்:
"ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் அங்கேயே, மெதுவான குரலில், அம்மா பெயரைச் சொல்லி ஒரு நிமிடம். கட்டாயம் சுகமாகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஆபரேஷன் அன்று சாயங்காலம் போன் பண்ணி விசாரியுங்கள்; அந்தப் போனில் பிரசங்கம் வேண்டாம்.