அம்மா விழுந்ததைப் பற்றி

அக்கா (காலை 7:12): அம்மாவின் முழங்கையில் இருந்த கன்றிய தடத்தைப் பார்த்து நேற்று விடாமல் கேட்ட பிறகுதான், நான்கு நாட்களுக்கு முன் விடியற்காலையில் கழிவறைக்குப் போக எழுந்தபோது தலைசுற்றிக் கட்டிலோரம் விழுந்ததை என்னிடம் சொன்னார்.

நான் (7:15): ஏன் எங்களிடம் சொல்லவில்லை, அம்மா? இனித் தனியாக இருக்க வேண்டாம், என்னோடு வந்துவிடுங்கள்.

அக்கா (7:19): இந்தப் பதிலுக்குப் பயந்துதான் தம்பி, அவர் மறைத்தார். விழுந்ததைச் சொன்னால் வீட்டைப் பூட்டச் சொல்வோம் என்ற அச்சம் இருக்கும்வரை, அடுத்த முறையும் நமக்குத் தெரிய வராது.

அண்ணி (7:31): அத்தை, படுத்திருந்துவிட்டுச் சட்டென்று எழும்போது ரத்தம் கால் பக்கம் இறங்குவதால் மூளைக்குப் போவது சற்றே குறையும், இளம் வயதில் உடல் அதை உடனே சரிசெய்துகொள்ளும், வயதானால் தாமதமாகும். ரத்த அழுத்த மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் சிலருக்கு இதை அதிகமாக்கும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. படுத்தபடி ஒரு முறையும் எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மீண்டும் ஒரு முறையும் அழுத்தத்தைப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்போம். மேல் அளவு 20 குறைந்தாலே அது கவனிக்க வேண்டிய விஷயம். மாலையில் தண்ணீர் குடிக்கிறீர்களா?

அம்மா (7:48): இரவில் எழ வேண்டியிருக்குமே என்று நான்கு மணிக்கு மேல் குடிப்பதில்லை. தாகமும் எடுப்பதில்லை.

அண்ணி (7:50): வயதானால் தாகம் மங்கிவிடும் அத்தை, அதை நம்பி இருக்க முடியாது. உடலில் நீர் குறைந்தால் தலைசுற்றல் கூடும். பகலிலேயே கூடுதலாகக் குடித்துவிடுங்கள். எழும்போது கட்டில் விளிம்பில் சிறிது நேரம் உட்கார்ந்து, பிறகு நில்லுங்கள்.

அம்மா (8:05): எல்லோரும் கேட்பதால் சொல்கிறேன். விளக்கின் சுவிட்ச் கதவருகே, கட்டிலிலிருந்து ஆறடி தள்ளி இருக்கிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகும்போதுதான் விழுந்தேன். கைபேசி கூடத்தில் சார்ஜில் இருந்தது. வெளிச்சம் வரும்வரை தரையிலேயே கிடந்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்ல மனம் வரவில்லை. இந்த வீட்டில் எனக்கு ஒவ்வொரு மூலையும் தெரியும், கண்ணா; என்னை இங்கிருந்து அழைத்துப் போக வேண்டாம்.

நான் (8:11): அவசரப்பட்டு எழுதிவிட்டேன், அம்மா. சனிக்கிழமை எலக்ட்ரீஷியனோடு வந்து, படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும் சார்ஜருக்கு ஒரு பிளக்கும் வைத்துத் தருகிறேன். கழிவறையில் கைப்பிடி எங்கே வேண்டும் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

அம்மா (8:20): வலது கைப் பக்கம். தினமும் காலை ஆறரைக்கு இங்கே ஒரு வரி எழுதுகிறேன். ஏழு மணிவரை வராவிட்டால் அழையுங்கள்.